யாருக்கும் தெரியாத மடு

இயற்கையைக் காப்பாற்றாமல் விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காடு, ஓடை, பட்டாம்பூச்சி எது கண்ணில் பட்டாலும் இவர்கள் கரைந்துபோவார்கள். இவர்கள் கரைந்த இடத்தில் பிறகு பட்டாம்பூச்சி வராது. இவ்வளவு நுணுக்கமாக இவர்களைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நம்முடைய ஆள் ஓர் அலுவலகத்தில் ஊழியர் நலப் பிரிவு மேலாளர். துணிப்பை மட்டும் பதினாலு வைத்திருப்பவர், அத்தனையையும் வீட்டிலேயே மறந்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பதினைந்தாவது வாங்குபவர், 'படியேறிச் செல்வீர், மின்சாரம் காப்பீர்' என்று லிஃப்ட் வாசலில் தன் கையால் நோட்டீஸ் ஒட்டி, அது நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டு, அதே லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போனவர். அலுவலகத்தில் அவருக்குப் 'பச்சை சார்' என்று பெயர். கேலிதான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பத்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் காரோட்டி, மலையடியில் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போனார். அங்கே பாறைகளுக்கு நடுவில் ஓடை தேங்கி ஒரு மடு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை மேலே நின்றே எண்ணலாம். அதை நடத்துவது அரசும் அல்ல, கம்பெனியும் அல்ல. ஊர்க்காரர்களே கூடிப் பேசி, முறை வைத்துக் காவல் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு நேரத்தில் இருபது பேர், ஒரு மணி நேரம். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது. கயிறு கட்டிய மூலை மீன்கள் முட்டையிடும் இடம். அந்தப் பக்கம் போகவே கூடாது.

அன்று வாசலில் உட்காரும் முறை ஒரு தையல்கார அம்மாவுக்கு. மடியில் ஒரு சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நம்மவர் அவர் எதிரில் நின்று, நன்னீர்ச் சூழல் என்றால் என்ன, மீனுக்கும் பாசிக்கும் உள்ள உறவு என்ன என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தார். அந்த அம்மா கேட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்தார்.

"எல்லாம் சரி சார். உடம்புல என்னமோ மினுமினுக்குதே?"

"சன்ஸ்கிரீன்மா. மூலிகைதான். முழுக்க இயற்கை."

"சாணியும் இயற்கைதான் சார். அந்தக் குழாயில நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். "காதுக்குப் பின்னால இன்னும் இருக்கு" என்று அந்த அம்மா திருப்பி அனுப்பினார். மகள் சிரித்த சிரிப்பில் பாறையில் இருந்த தவளை குதித்து ஓடியது.

தண்ணீரில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. மல்லாந்து மிதந்தார். காதுக்குள் தண்ணீர், கண்ணுக்குள் வானம். இருபது வருடமாக மூளைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டார் நின்றது போல இருந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதைக் கேலி செய்ய எனக்கும் மனசு வரவில்லை. கரையேறியதும் பையிலிருந்து போனை எடுத்தார் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை.

"ஏங்க, இன்னிக்கு போனைத் தொடமாட்டேன்னு சொன்னீங்களே?" என்றார் மனைவி.

"ஒண்ணே ஒண்ணு. நமக்காக."

கிளம்பும்போது தையல்கார அம்மா எழுந்து வந்தார். "ஒரு உதவி சார். படம் போட்டீங்கன்னா இடமும் வழியும் போடாதீங்க. இருபது பேருக்கு மேல இது தாங்காது."

நம்மவர் நெஞ்சில் கைவைத்தார். "இதை எங்கிட்டயா சொல்றீங்க?"

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டு எழுதினார்: 'யாருக்கும் தெரியாத மடு. தயவுசெய்து யாரும் போய்க் கெடுத்துவிடாதீர்கள்.' எழுதியதும் ஒரு நியாயமான சந்தேகம் வந்தது: எந்த இடத்தைக் கெடுக்கக் கூடாது என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? ஆகவே கீழே வழியையும் போட்டார். தூங்கப் போவதற்குள் நானூறு இதயங்கள். அதில் ஒன்று மேலதிகாரியுடையது.

மூன்றாவது ஞாயிறு மறுபடி போனார்கள். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே கார்கள் வரிசைகட்டி நின்றன.

"எவன் இதை வெளியில சொன்னானோ! ரசனை கெட்ட ஜனங்க."

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "நீங்கதாங்க."

"நான் பொதுவா எழுதினேன்."

"வழியையும் பொதுவாத்தான் போட்டீங்க."

மீதித் தூரத்தை நடந்தார்கள். வாசலில் 'மூடப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. உள்ளே தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய் வானவில்லாக மிதந்தது. மீன்களுக்காகக் கட்டிய கயிற்றில் யாரோ துண்டு காயப்போட்டுவிட்டு, எடுக்காமலே போயிருந்தார்கள். மகள் அப்பாவின் கையை விட்டுவிட்டாள்.

தையல்கார அம்மா அங்கேதான் இருந்தார். திட்டினால் சொல்வதற்கு நம்மவரிடம் நாலைந்து பதில்கள் தயாராக இருந்தன. அவர் திட்டவில்லை.

"வர்றவங்க எல்லாம் உங்க படத்தைத்தான் காட்டினாங்க சார். நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்பவே அழிச்சிடறேன்மா."

"அழிங்க. தண்ணி தெளியறதுக்கு மழை வரணும். மீனு திரும்புமான்னு தெரியல."

"நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டார் நம்மவர். பதிலுக்கு ஒரு காலிச் சாக்கு வந்தது. மூன்று மணி நேரம் பாறை இடுக்குகளில் குனிந்து பாட்டில், மூடி, ஒற்றைச் செருப்பு, குழந்தையின் டயப்பர் என்று பொறுக்கினார். கையெல்லாம் சிராய்ப்பு. பேசாமல், யாருக்கும் எதையும் விளக்காமல் அவர் செய்த முதல் வேலை அநேகமாக அதுதான். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஐந்து சாக்குகள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் மாலை வெயில் என்ன அழகாக விழுகிறது! கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"அப்பா," என்றாள் மகள், உள்ளங்கையை நீட்டி. "குடுங்க."

கொடுத்துவிட்டார். காது மடல் வரை சுட்டது. "கை என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது பாப்பா," என்றார். அவள் மறுபடி சிரித்தாள்.

மழை வந்தது, மடு தெளிந்தது, மீன்களில் பாதி திரும்பின. நம்மவர் மாதம் ஒரு ஞாயிறு போய்ச் சாக்குப் பிடிக்கிறார். தண்ணீரில் கால் வைப்பதில்லை. இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, இருபது பேர் என்பதைப் பத்தாகக் குறைத்துவிட்டார்கள்.

பத்துப் பேர் என்று நான் சொன்னதும், அந்தப் பத்தில் ஒருவராக உங்களைச் சேர்த்துக்கொண்டு, எந்த ஞாயிறு தோதுப்படும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களே! இல்லையா? சரி, இல்லை. மீதி ஒன்பது பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.