ஆயிரத்தில் இரண்டு பேர்

மாமியாரைத் தடுக்கப் புள்ளிவிவரத்தை நம்பிக் கெட்டவன் உலகத்தில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான்.

ஞாயிறுதோறும் மாடியில் விறகு எரித்து, தணலில் மாட்டு விலா சுடுவேன். எங்கள் ஊரான மொந்தெவிதேயோவில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சுட்டவனுக்குக் கைதட்டியாக வேண்டும். இருபது வருஷம் வெளிநாட்டில் கிடந்துவிட்டு அந்தக் கைதட்டலுக்காகவே திரும்பி வந்தேன். மாமியார் சுல்மா மட்டும் ஆறு வருஷமாகத் தட்டவில்லை. "தணல் பத்தலை மாப்ளே" என்பாள், பாதி விலாவைத் தின்றுவிட்டு.

ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் முடிவுகளைப் பத்திரிகைகளுக்குச் செய்தியாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் ஒரு முடிவு வந்தது. எழுபது தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு வரும் மூச்சுநோய், விறகுப்புகை பக்கம் உட்காருகிறவர்களில் இரண்டு பேருக்கு வருகிறதாம். 'விறகுப்புகை: முதியோருக்கு ஆபத்து இரட்டிப்பு' என்று தலைப்பு வைத்தேன். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மாமியார் படித்தாள். வரவில்லை.

ஒரே ஒரு ஞாயிறு சொர்க்கம். அடுத்த ஞாயிறு மாடிக்கதவில் என் மனைவி போட்ட பூட்டு.

"நேலிதா, சாவி எங்கே?"

"வில்மார், தள்ளி உக்காந்த அம்மாவுக்கே இரட்டிப்புன்னா, புகைக்குள்ளயே நிக்கிற உனக்கு? பேப்பர்ல போட்டிருக்கான்."

"போட்டவனே நான்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

மூன்று ஞாயிறு அவித்த பூசணி தின்றேன். நாலாவது ஞாயிறு உடைந்துபோனேன்.

"இரட்டிப்புன்னா என்னன்னு நெனச்சே? ஆயிரத்துல ஒருத்தர் ரெண்டு பேராச்சு. அவ்வளவுதான்."

"மிச்சப் பேரு?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு பேருக்கு ஒண்ணும் இல்ல."

"எழுபது தாண்டினவங்களா?"

"தாண்டினவங்கதான்."

"இதை ஏன் அப்படியே எழுதலை?"

"எழுதினா யாரு படிப்பா?"

"எங்கம்மா படிச்சிருப்பாங்க."

மேசையில் கவிழ்ந்து கிடந்த போனைத் திருப்பினாள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. இதோ கெளம்பிட்டேன். மாப்ளே, இந்தத் தடவையாவது தணலை நல்லாப் போடுங்க."

நேலிதா சாவியை என் கையில் வைத்தாள். போனுக்குள்ளிருந்து, ஆறு வருஷத்தில் முதல் முறையாக, மாமியார் கைதட்டும் ஓசை வந்தது. மகளுக்கு.