டெஸ்மண்டின் வேலி விழுந்தது பற்றி

லிங்கன்ஷயர்,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை மியூரியலுக்கு,

நீயும் மாப்பிள்ளை கிளெமெண்டும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். முழங்காலும் கோபத்தில் வலியை மறந்துவிட்டது.

ஈஸ்டருக்கு வந்தபோது, "அண்ணா, இந்த வேலி உன்னுதா, பக்கத்து வீட்டு டெஸ்மண்டோடதா?" என்று கேட்டாய். "யாரோடதா இருந்தா என்ன, கேக்கைச் சாப்பிடு" என்றேன். போன வாரக் காற்றில் அது விழுந்தது, விழுந்த நிமிடமே அனாதையானது. இப்போது டெஸ்மண்டின் கோழிகள் கூச்சமே இல்லாமல் வந்து, சனிக்கிழமை ஊர்க் கண்காட்சியில் வைக்க நான் வளர்த்த லெட்டூஸைக் கொத்துகின்றன. மிச்சம் ஒரே ஒரு வரிசை!

போய்ச் சொன்னேன். முதலில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம், சண்டைக்கும் ஒரு முறை உண்டல்லவா. பிறகு அவர், "இடப்பக்க வேலி அவங்கவங்களுது, வாத்தியாரே. ஊருக்கே தெரியும். தெருவுல நின்னு உங்க வீட்டைப் பாருங்க. இடப்பக்கம் எது? இதுதானே!" என்றார். நான் இத்தனை காலமும் தோட்டத்துக் கடைசியில் நின்று வீட்டைப் பார்த்தல்லவா இடப்பக்கம் கண்டேன்! வகுப்பில் பிள்ளைகளை இடது கையைத் தூக்கச் சொன்னால், எதிரே நிற்கும் எனக்கு அத்தனை கையும் வலப்பக்கம் தெரியும், அது போலத்தான். என் கணக்குப்படி விழுந்தது டெஸ்மண்டின் வேலி. அவர் கணக்குப்படி என்னுடையது. மறுபக்கத்து வீட்டு ஐடாவும் தெருவில் நின்று பார்க்கிறவளாம். அதனால் எனக்கும் ஐடாவுக்கும் நடுவில் உள்ள வேலிக்கு இரண்டு சொந்தக்காரர்கள், வருடா வருடம் மாறி மாறி வர்ணம் பூசியிருக்கிறோம்!

"தூணெல்லாம் உங்க பக்கம் இருக்கு, டெஸ்மண்ட். வேலி போடறவன் வழவழப்பான பக்கத்தைத்தானே அடுத்த வீட்டுக்குக் காட்டுவான்?" என்றேன்.

"உங்க வீட்டுல முன்னாடி இருந்தவருக்கு மரியாதை தெரியாது போல" என்றார் அந்த மனிதர்.

என் நெல்லிப் புதருக்கு அடியில் கோழி இட்ட முட்டைகளை மட்டும் வந்து எடுத்துக்கொண்டார். "இது?" என்றேன். "முட்டை என்னுது, வேலி உங்களுது" என்கிறார். கேட்டாயா நியாயத்தை!

ஆகவே, வக்கீல் அலுவலகத்துத் தாளில் மாப்பிள்ளை கடுமையாக ஒரு கடிதம் எழுதட்டும்: அது டெஸ்மண்டின் வேலி, டெஸ்மண்டின் வேலியை டெஸ்மண்டேதான் எழுப்ப வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாப்பிள்ளையின் ரத்த அழுத்தம் என்னுடையதைவிடக் குறைவாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
எட்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டெஸ்மண்ட் பலகை, சுத்தியலோடு வந்துவிட்டார். "எதுக்கு வம்பு, என் வேலின்னே வச்சுக்கிடுங்க. நானே போட்டுடறேன்" என்றார். மகிழ்ந்துபோனேன். உடனே, விழாமல் நிற்கும் கோடித் தூணைக் காட்டி, "அப்போ அதுல ஏறியிருக்கிற உங்க ரோஜாக்கொடியை வெட்டிடுங்க. என் வேலியில ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்றார். பணி ஓய்வு பெற்ற வருடம் நான் நட்ட கொடி, மியூரியல், இந்த வாரம்தான் மொட்டு விட்டிருக்கிறது! சுத்தியலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை எதுவும் எழுத வேண்டாம். மேலே 'டெஸ்மண்டின் வேலி' என்று வரும் இடத்தில் எல்லாம் 'என் வேலி' என்று மாற்றி, அதே கோபத்தோடு இன்னொரு முறை வாசித்துப் பார்.