சுரைக்கொடிக்கு ஒன்பதரை

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அவசரப்படாதீர்கள், இங்கே இல்லை. முதலில் ஒரு நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் சிரித்தால் பாதிச் சிரிப்பு வீண்.

அந்த நாக்கு பிஸ்கட்காரருடையது. அவர் பிஸ்கட் விற்பவர் அல்ல. தொழிற்சாலையில் பிஸ்கட்டை ருசி பார்ப்பவர். தினமும் நாற்பது வகையைக் கடித்து, கண்ணை மூடி மென்று, "உப்பு அரைச் சிட்டிகை தூக்கல்" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவருடைய அறைக்கு இரண்டே விதிகள். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று ருசி பார்ப்பவரிடம் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. போட்ட மதிப்பெண்ணை மாற்றக்கூடாது. முதலாளியே காலில் விழுந்தாலும் கூடாது. பத்துக்கு ஒன்பது தாண்டினால் அந்தச் சரக்கு வாராவாரம் தயாராகும்.

வேலை முடிந்ததும் அந்த நாக்கை அங்கேயே பூட்டிவிட்டு வந்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டில் அந்த நாக்குக்கு ஒரே எதிரி சுரைக்காய். அவர் மனைவி பால்கனித் தொட்டியில் போகிறபோக்கில் ஊன்றிய ஒற்றை விதை, கம்பியைப் பிடித்து, துணிக்கொடியைப் பிடித்து, கடைசியில் குடும்பத்தையே பிடித்துக்கொண்டது. குழம்பில் சுரைக்காய். பொரியலில் சுரைக்காய். ஒருநாள் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் தோலில் அரைத்த துவையல்.

"அது காயே இல்லம்மா," என்றார் பிஸ்கட்காரர் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில். "தண்ணி. தோலைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கிற தண்ணி."

"உடம்புக்குக் குளிர்ச்சிங்க."

"அப்ப காயா எதுக்கு? ஒரு டம்ளர்ல ஊத்திக் குடு, குடிச்சிட்டுப் போறேன்."

"மூணு மாசம் தண்ணி ஊத்தி வளத்தது. பேசுறதைப் பாத்துப் பேசுங்க."

"பேசப்போறதில்ல. ஞாயித்துக்கிழமை அதை அடியோட அறுக்கப்போறேன்."

மனைவி பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கண்கூட லேசாகக் கலங்கிற்று. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, "சரிங்க, அறுத்துடுங்க," என்றாள்.

பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும். இவரோ மீசையைத் தடவிக்கொண்டார். சனிக்கிழமை, மேல்வீட்டுத் தையல்காரரிடம் போய்ப் பெரிய கத்தரிக்கோலை இரவல் கேட்டு, "செடி வெட்டவா? துணி வெட்டுற கத்தரியைத் தரமாட்டேன் சார். பழசு ஒண்ணு கிடக்கு, தேடிக் கொண்டாறேன்," என்ற வாக்குறுதியோடு இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. தூங்கி எழுந்தவரை நெய் வாசனை மூக்கைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப்போனது. அடுப்பில் அல்வா.

"மேல்வீட்டுல நாளைக்கு விருந்தாளி வராங்களாம், இனிப்பு செஞ்சு குடுக்கச் சொன்னாங்க," என்றாள் மனைவி. "நல்லா வந்திருக்கான்னு தெரியல. நமக்கெங்க அந்த நாக்கு? கொடியை அறுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

அவ்வளவுதான். பிஸ்கட்காரர் வெந்நீரில் வாய் கொப்பளித்தார். வேலைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். அலுவலகத்தில் உட்காருவதுபோலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இதுல என்ன போட்டிருக்கேன்னா..."

"சொல்லாதே."

"இல்லங்க, அப்புறம் நீங்க..."

"விதின்னா விதி. வாயைத் திறக்காதே."

"பின்னாடி 'நீ சொல்லவே இல்லை'ன்னு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன். கிண்ணத்தை வை."

வைத்தாள். முதல் கரண்டி உள்ளே போனது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இன்னும் சிரிக்காதீர்கள்; அவர் எவ்வளவு பக்தியோடு மெல்கிறார் பாருங்கள்.

"நெய் தாராளம். தப்பில்ல. ஏலக்காய் வீட்டுல இடிச்சது. பாலை அவசரப்படாம சுண்டக் காய்ச்சியிருக்கே." இரண்டாவது கரண்டி. "இழை இழையா, கண்ணாடி மாதிரி வருதே, அதுதான் இதோட உயிரு. இளநீர் வழுக்கையைத் துருவிப் போட்டிருக்கே. என்கிட்டயா?"

"உங்க நாக்குக்கிட்ட ஒளிக்க முடியுமா?" என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்தபடி.

மூன்றாவது கரண்டிக்குப் பிறகு ஆராய்ச்சி நின்று சாப்பாடு தொடங்கியது. கிண்ணம் காலியானது. கேட்டு வாங்கிய இரண்டாவது கிண்ணமும் காலியானது. படிவத்தில் எழுதினார்: 'பத்துக்கு ஒன்பதரை. மூலப்பொருள் மிக உயர்தரம். வாரந்தோறும் தயாரிக்கலாம்.' கீழே, வால் சுழித்த கையெழுத்து. மனைவி அதை வாங்கி, மை காய ஊதி, காலண்டர் ஆணியில் குத்தினாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் துருப்பிடித்த கத்தரிக்கோலோடு வந்தார். அவர் கையிலும் ஒரு கிண்ணம் ஏறியது. ஒரு வாய் வைத்தார்.

"அட, சுரைக்காய் அல்வா. பிரமாதம் தங்கச்சி."

பிஸ்கட்காரர் சிரித்தார். விழுந்து விழுந்து, தோளைக் குலுக்கி, புரையேறும்வரை சிரித்தார்.

"தையல்காரரே, நீங்க ஊசியோட நிறுத்திக்கங்க. இது இளநீர் வழுக்கை."

"இல்ல சார், சுரைக்காய்தான். பச்சை தெரியுது பாருங்க."

"அது ஏலக்காய்."

"ஏலக்காய் இவ்வளவு நீளமாவா இருக்கும்?"

"சட்டைக்குக் காலர் வைக்கிறதுல நான் வந்து மூக்கை நுழைக்கிறேனா? இருபத்திரெண்டு வருஷ நாக்கு இது. சுரைக்காய் ஒரு துளி பட்டாலும் துப்பிடும். ரெண்டு கிண்ணம் இறங்கியிருக்கே, அதுலயே தெரியலையா?"

தையல்காரர், பிஸ்கட்காரரின் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். தையல்காரர் இருமிக்கொண்டே படியேறிவிட்டார்.

"விவரம் தெரியாத மனுஷன்," என்றபடி பிஸ்கட்காரர் கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதையே பண்ணும்மா. வழுக்கை எத்தனை வேணும்னு சொல்லு, நானே போய் வாங்கிட்டு வரேன்."

"கடைக்கெல்லாம் எதுக்குங்க?" என்றாள் மனைவி. "கத்தரியோட பால்கனிக்குத்தானே போறீங்க? அறுக்கிறதுக்கு முன்னாடி, தொங்குறதைப் பறிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரத்துக்கு ஆகும். அதுக்கடுத்த வாரத்துக்குத்தான் என்ன பண்ணப்போறீங்களோ, தெரியல."

பிஸ்கட்காரர் தலையாட்டிவிட்டு நடந்தார். பால்கனிக் கதவைத் திறந்தார். நேற்று மூன்று தொங்கிய கொடியில் இன்று ஒன்றுதான் தொங்கியது. மற்ற இரண்டு காம்புகளும் புதிதாக வெட்டுப்பட்டு, நுனியில் ஈரம்கூடக் காயாமல் இருந்தன.

அங்கேயே நின்றார். நாக்கை ஒருமுறை மெதுவாக மேலண்ணத்தில் தடவிப் பார்த்தார். கத்தரிக்கோலைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"ஏம்மா," என்றார், திரும்பாமலே. "இந்த நாக்கை நம்பி ஒரு தொழிற்சாலையே ஓடுதும்மா."