அலறலை எடைபோடுபவர்

பேய்ப்படம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு ரகம். பார்த்துச் சிரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராமல், பேய் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போது, "புஸ்தகத்துல இவளுக்கு இடது கண்ணுதானே பெருசு?" என்று கேட்கிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. நீங்கள் அவரைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். ஒப்பிடுபவர் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

புதுச்சேரியில் இந்த ரகத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒருவர் வேண்டுமென்றால், பிரேம்குமாரைக் காட்டுவேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "ரிஜெக்ட்" என்று ஒதுக்குவது வேலை. ஷிப்ட் முடிந்ததும் மூடிகள் தப்பித்துவிடும். நாம் மாட்டிக்கொள்வோம்.

அவர் உயிரை வைத்திருப்பது 'ஈரச் சுவர்' என்ற ஜப்பானியத் திகில் சித்திரக்கதையில். மங்கா என்று சொன்னால்தான் அவருக்குப் பிடிக்கும். பழைய வீட்டின் சுவருக்குள் வாழும் ஷிசுயே என்பவள், அங்கே குடிவருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக்கொள்ளும் கதை. புத்தகமாக வந்து, கார்ட்டூன் தொடராகி, நடிகர்கள் நடித்த சினிமாவாகி, இப்போது புதிய தொடராகத் தமிழ்க் குரலோடும் வந்துவிட்டது. நீங்களும் நானும் இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு விளக்கை எரியவிட்டுத் தூங்குவோம். பிரேம்குமாரோ, புத்தகத்தில் ஷிசுயே இமைப்பதே இல்லை என்றும், பழைய தொடரில் மூன்று முறை இமைத்து மானத்தை வாங்கிவிட்டாள் என்றும், சினிமாவில் அவள் சுவரைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தது கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தது என்றும், புதிய தொடரில் தலைமுடி இவ்வளவு பளபளப்பது எந்த ஷாம்பு விற்பதற்காக என்றும், மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போவார். சரி, பயந்தாரா? பயப்பட நேரம் ஏது?

'ஒரிஜினல்' என்ற சொல் வரும்போது மட்டும் கோயிலுக்குள் நுழைந்தவர் போலக் குரலைத் தாழ்த்துவார். ஜப்பானிய மொழி தெரியுமா என்று கேட்டுவிடாதீர்கள். ஒரிஜினலை அவர் படித்தது இங்கிலீஷில்.

வீட்டில் மனைவி நிர்மலாதேவி, "சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால், "போன வாரம் வச்சதோட பாத்தா..." என்று ஆரம்பிப்பார்.

"போன வாரத்து சாம்பார் போய் சேந்துடுச்சுங்க. இதச் சொல்லுங்க."

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம், போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

முதலியார்பேட்டையில் லூயிஸ் வீட்டு மாடியில் 'ஈரச் சுவர்' ரசிகர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். தமிழில் ஷிசுயேவுக்குக் குரல் கொடுத்த சிந்தியாவும் அதே பேட்டைதான். வாரநாளில் பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை, சனிக்கிழமை சென்னை பஸ் ஏறி டப்பிங். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம் இது. அடுத்த சீசனுக்கும் அவளையே கூப்பிடுவதா, வேறு குரல் தேடுவதா என்று யோசித்த ஸ்டுடியோ, ரசிகர் குழுக்களுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தது: இந்தக் குரல் தொடரலாமா? காரணம் என்ன? சாயங்காலம் ஐந்து மணிக்குள் லூயிஸ் அனுப்பியாக வேண்டும். சிந்தியா கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தின்னவில்லை.

"நமக்கெல்லாம் இன்னா தெரியும்? முசே சொல்லட்டும்" என்றார் லூயிஸ். அவர் வீட்டில் மரியாதைக்குரியவர்களை முசே என்பார்கள். கிண்டலுக்குரியவர்களையும்.

பிரேம்குமார் எழுந்தார். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காத" என்றார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள், எடுத்துக்கொள்ள வேறு எதையும் தருவதில்லை.

ஷிசுயே சுவரைப் பிளந்துகொண்டு அலறும் காட்சியை முதலில் ஜப்பானியக் குரலில் ஓடவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டீங்களா? அடிவயித்துலேர்ந்து வருது. முந்நூறு வருஷத் தனிமை அதுல தெரியுது."

அடுத்து தமிழ். முகம் சுருங்கியது. "இது இன்னா? கடலூர் பஸ்ஸ விட்டுட்டுக் கத்துற மாதிரி. தொண்டையோட நின்னுபோச்சு."

இருபது பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் பதினெட்டுப் பேர், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு அலறலுக்கும் ஒரே மாதிரி நடுங்கியவர்கள். லூயிஸ் போனில் தட்டினார்: 'தொடர வேண்டாம். காரணம்: அலறல்.'

"அண்ணே" என்றாள் சிந்தியா. "அலறலுக்கு நான் வாயே தொறக்கல."

"இன்னா சொல்ற?"

"அலறல், இருமல், மூச்சு வாங்குறது எல்லாத்துக்கும் அந்த ஸ்டுடியோல ஜப்பான் சவுண்டையே அப்பிடியே விட்டுட்டாங்க. எனக்கு வசனம் மட்டுந்தான். நீங்க ரெண்டு தடவையும் கேட்டது அந்தம்மா தொண்டதான்."

லூயிஸ் இரண்டையும் மறுபடி ஓடவிட்டார். இன்னொரு முறையும். ஒரே அலறல்.

"அப்ப முந்நூறு வருஷத் தனிமையும் கடலூர் பஸ்லதான் போவுதா முசே?"

மாடி அதிர்ந்தது. அசந்தாரா நம்மவர்? ஒப்பிடுபவர் தோற்பதில்லை, அளவுகோலை மாற்றுவார். "அதே அலறல்தான், ஒத்துக்குறேன். ஆனா தமிழ் வசனத்துக்குப் பின்னாடி வரும்போது அதோட மதிப்பு கொறையுதுல்ல?"

சிலர் மறுபடி தலையாட்டத் தொடங்கினார்கள். மணி நாலே முக்கால். சிந்தியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

கணவரை அழைத்துப்போக வந்து, மூலையில் உட்கார்ந்திருந்த நிர்மலாதேவி நிமிர்ந்தார்.

"இருங்க. 'உள்ள வா, எடம் இருக்கு'ன்னு இந்தப் பொண்ணு மெதுவா கூப்புடுதே, அந்த வசனம். அதக் கேட்ட அன்னிக்கே கட்டில சுவத்தவுட்டு நாலடி தள்ளிப் போட்டது யாரு? நானா?"

"அது... சுவத்துல ஓதம் ஏறுதுன்னு..."

"ஓதம் ஏறுன சுவத்துக்கு எதுக்குங்க வேளாங்கண்ணி மாதா படம்? நாம கும்புடறது முருகன!"

சிந்தியா முதன்முறையாகச் சிரித்தாள். லூயிஸ் பழைய காரணத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார்: 'தொடரலாம். காரணம்: இந்தக் குரலைக் கேட்ட ரசிகர் ஒருவர், வீட்டில் கட்டிலை நகர்த்திவிட்டார்.' புதன்கிழமை பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த சிந்தியாவுக்கு ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது.

இப்போது இரண்டாம் சீசன் சிந்தியாவின் குரலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேம்குமார் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? "மொத சீசன்ல சிந்தியா பேசுச்சு பாருங்க, அது ஒரிஜினல்!" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். "இப்பப் பேசுறது, அந்த அளவுக்கு இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இவ்வளவு நேரம் படித்ததில் பிரேம்குமாருக்கு மனசுக்குள் ஒரு குரல் கொடுத்திருப்பீர்களே, கட்டையாகவோ கீச்சென்றோ? ஒருநாள் உங்களுக்கு அவரை நேரிலேயே அறிமுகம் செய்துவைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதும், "நான் படிச்ச பிரேம்குமார் இப்படிப் பேச மாட்டாரே" என்று அவரிடமே குறை சொல்வீர்களே, அதற்குத்தான் யோசிக்கிறேன்.