சயனைடு மேட்டு மணலில் ஒரு கடல்

கல்யாணத்துக்கு முன்னால் பையனையும் பெண்ணையும் ஃபோனில் பேசவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள், என்னைப் போன்ற வாய்க்கொழுப்பு ஆசாமிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் பையன் அசடு என்பது தாலி கட்டிய பிறகுதான் தெரியவரும். இப்போது முதல் ஃபோனிலேயே தெரிந்துவிடுகிறது.

பெண் பிரிசில்லா, தூத்துக்குடி. கடல் தாவரங்களைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் அதையே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீப்ஸ். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். கடல்புல் தண்ணீருக்கடியிலேயே பூ பூக்கும் என்று சொன்னாள். (புல்லாவது பூப்பதாவது என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.) உங்களுக்குக் கடல் பிடிக்குமா என்று கேட்டாள். நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, மெரினாவில், அதுவும் சுண்டல் வாங்கும் மும்முரத்தில். அந்த அனுபவத்தை நம்பி, வீட்டிலேயே சின்னதாக ஒரு கடல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். வீடு பார்க்க அப்பா அம்மாவோடு தானும் வருகிறேன் என்றாள். எனக்கோ அவளை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. பொய் சொன்னேன் என்று தெரிந்தால் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. ஆகவே அவர்கள் வருவதற்குள் கடல் தயாராக வேண்டும்.

பெங்களூரில் ஒரு கடைக்காரர் தொட்டி, உப்பு, அலை எழுப்பும் மோட்டார் எல்லாம் கொடுத்தார். மணலையும் எடுத்துப் போகச் சொன்னார். அங்கேதான் என் ஊர்ப்புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் மிஞ்சிய பாறைத்தூளை மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்று பேர். சினிமாக்காரர்கள் வந்து அதைப் பாலைவனமாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பாலைவனமாக முடிந்தது கடலடியாக முடியாதா?

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவும் ஆமோதித்தார். "இன்னாத்துக்குடா மண்ண போயி பெங்களூர்ல வாங்கற? சின்ன வயசுல நாங்க அதுலதான் உருண்டோம். எங்களுக்கு இன்னா ஆச்சு?"

எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் பால் மாதிரியே இருந்தது. மோட்டாரைப் போடாமல் விட்டுவைத்தேன். மெதுவாகப் படிந்து, கடைசியில் கண்ணாடியாகத் தெளிந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள், கோமாளி மீன் ஜோடி ஒன்றும் ஒரு கடல் சாமந்தியும் பாலிதீன் பையில் என் மடியில் உட்கார்ந்து ரயிலில் வந்தன. (சாமந்தி என்றால் பூ இல்லை, பூமாதிரி விரியும் பிராணி. அதன் கைகளுக்கு நடுவில்தான் இந்த மீன் குடியிருக்கும்.) எதிர் சீட்டு அக்கா, இத்தனூண்டு மீன் குழம்புக்குப் பத்துமா என்று கவலைப்பட்டார்.

மறுநாள் வந்தார்கள். பிரிசில்லா வெள்ளைப் பட்டுப் புடவையில், நாற்காலியைத் தொட்டியருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆரஞ்சு மீன்கள் சாமந்திக்குள் புகுந்து புறப்படுவதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம். "அலை கூட உண்டு" என்று சொல்லி, மோட்டார் சுவிட்சைப் போட்டேன்.

மூன்று மூச்சு விடுவதற்குள் கடல் காணாமல் போனது. தொட்டி முழுக்கச் சாம்பல் நிறக் கூழ். மீன் இல்லை, சாமந்தி இல்லை.

"தனியா உப்புத்தண்ணி கலந்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். கடைக்காரர் சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம் அதுதான். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறைய இருந்தது. டீ வடிகட்டியை வாங்கிக்கொண்டு, பட்டுப் புடவையோடு முழங்கை வரை கூழுக்குள் கையை விட்டாள். அப்பா தன் பழைய சுரங்க ஹெல்மெட்டில் டார்ச்சைக் கட்டி, தலையில் மாட்டிக்கொண்டு, ஷாஃப்டுக்குள் இறங்குகிற பாவனையில் தொட்டிக்குள் குனிந்தார். ஒரு மீன் கிடைத்து டிரம்முக்குப் போனது. இன்னொன்று கிடைக்கவேயில்லை.

"சாமந்திய எந்தப் பக்கம் வச்சீங்க? அது அங்கதான் இருக்கும்."

காட்டினேன். தடவித் தடவிப் பாறையோடு தூக்கினாள். நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது என் மானம், உயிரோடு.

கையைக் கழுவிக்கொண்டே, மணல் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றியபடி பெருமையாகச் சொன்னார்: "எல்லாம் நம்ம சயனைடு மேட்டு மண்ணுதாம்மா."

அவளுடைய அப்பாவின் கை, கேசரியோடு வாய்க்குப் பக்கத்தில் நின்றது. கேசரியை ஒருமுறை பார்த்தார். தட்டிலேயே வைத்துவிட்டார்.

மீன்களைத் தான் எடுத்துப்போவதாக பிரிசில்லா சொன்னபோது, சம்பந்தம் முறிந்தது என்றே முடிவுசெய்தேன். ஆனால் மறுவாரம் அவளே ஃபோன் செய்தாள். மீன் ரெண்டும் சௌக்கியம், வந்து பார்க்கிறீர்களா என்றாள். போனேன். மீனைப் பார்க்க மறுபடியும் போனேன். அப்புறம் மீனைச் சாக்குச் சொல்வதை இருவருமே விட்டுவிட்டோம்.

என்னிடம் எதைக் கண்டு சம்மதித்தாள் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு ரெண்டாவது மீனைக் காணாமல் நான் அழுததாக அடித்துச் சொல்கிறாள். அழவில்லை. கண்ணில் தூசி. (தண்ணீருக்குள் கிடந்த தூசி உன் கண்ணுக்கு எப்படி வந்தது என்று என் அம்மாவே கேட்கிறாள்.)

இன்று எங்கள் வீட்டுத் தொட்டி அவளுடையது. சுவிட்சுப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை. மாமனார் வந்தால் கேசரி உண்டு. முதல் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "ரவை எங்கத்தது சம்பந்தி?" என்பார். அப்பா முகம் மாறாமல், "மேட்டுதுதான், சாப்டுங்க" என்பார். ரெண்டு பேரும் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.