நிலாவின் முதுகு

வடிவாம்பாள் சோமசேகரனுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த கடைசிச் சட்டை அதுதான். அன்று காலை அது இரண்டு பேருக்கும் தெரியாது. பெட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்துச் சட்டையின் முதுகில் விழுந்தது மட்டும்தான் தெரியும்.

“ஐயையோ!”

கோலிக்குண்டு நுழையும் அளவுக்கு ஓட்டை. இருந்த இன்னொரு சட்டை ஐப்பசி மழையில் மூன்று நாளாகக் காயாமல் கொடியில் தொங்கியது.

“இன்னிக்குப் பார்த்துத்தான் பொசுக்கணுமா?”

“வேணும்னா பொசுக்கினேன்? கரி தெறிச்சா நான் என்னங்க பண்ணுவேன்?”

புதுச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் சிதம்பரநாதன் வருகிற நாள் அது. ஐந்து வருடமாகத் தற்காலிக வாத்தியாராக இருக்கும் சோமசேகரனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவர் எழுதும் ஒரு வரியில் இருந்தது. போன மாதம் வேறொரு பள்ளிக்கூடத்தில், சட்டையில் ஒரு பொத்தான் இல்லாத வாத்தியாருக்கு ‘ஒழுங்கில்லை’ என்று எழுதிவிட்டுப் போனவர். வடிவாம்பாளுக்கோ ஏழு மாதம்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பள்ளிக்கூடப் பியூன் மீரா சாகிப்.

“சார், பதினோரு மணிக்குன்னு சொன்ன ஆளு ஒன்பதுக்கே வர்றாராம். பெரிய வாத்தியாரு உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க.”

சோமசேகரன் கிணற்றடிக்கு ஓடினான். குளித்துவிட்டு வந்தபோது வடிவாம்பாள் சட்டையோடு நின்றிருந்தாள். பல்லில் எதையோ கடித்துக்கொண்டிருந்ததால் சட்டென்று பேச வரவில்லை.

“ம்... ஒரு நிமிஷம் இதை...”

“ஒண்ணும் வேண்டாம். இன்னிக்குப் பூரா அந்த முதுகைப் பத்தி யாரும் என்கிட்ட பேசக்கூடாது!”

சட்டையைப் பிடுங்கி, நடந்துகொண்டே மாட்டினான். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தால் ஊரே முதுகைப் பார்க்கும். அதனால் மீரா சாகிப்பைப் பின்னால் உட்காரவைத்துத் தானே மிதித்தான்.

“நான் பியூன் சார். நீங்க மிதிச்சு நான் உக்காந்து வந்தா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?”

“மறைச்சு உக்காருங்க பாய்.”

“என்னத்தை மறைக்கிறது? சார், உங்க முதுகு...”

“பேசாம வாங்க!”

சேற்றில் இரண்டு ஆள் பாரத்தை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்றிருந்தது.

வகுப்பில் நுழைந்ததும் சோமசேகரன் கரும்பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டான்.

“எழுதிப் போட்டு நடத்துங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பாமலே கையைப் பின்னால் வளைத்து எழுதினான். எழுத்துகள் ஏணியில் ஏறுவதுபோல் மேலே போயின. இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார். அவன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினான். அவர் கடைசி வரிசைக்குப் போனார்; அவனும் நகர்ந்தான். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். ஓட்டையைப் பார்த்துவிட்டார்கள் என்றே அவன் நினைத்தான்.

“என்ன முசே, என்னையே சுத்திச் சுத்தி வர்றீங்க?” பிரெஞ்சுக்காரர்கள் போய் ஐந்து வருடமாகியும் அவர் யாரையும் முசே என்றுதான் கூப்பிடுவார்.

சோமசேகரன் சுற்றிலும் பார்த்தான். சுவரில் அவனே ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டு கண்ணில் பட்டது. நிலாவின் பின்பக்கத்தை ராக்கெட் எடுத்த படம். போன வாரம்தான் வந்திருந்தது.

“பாடம் நடத்துறேங்க ஐயா. நீங்க பூமி, நான் நிலா.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சுத்துங்க, பார்ப்போம்.”

அவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் கால் மாற்றிச் சுற்றினான். “பூமிக்கு எப்பவும் ஒரே முகம்தான் தெரியும். முதுகு தெரியவே தெரியாது.” இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தெம்பாகவே இருந்தது.

“அப்ப நிலா தன்னைத்தானே சுத்தலைன்னு சொல்லுங்க.”

ஆமாம் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அது தப்பு. முப்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சுத்துதுங்க. பூமியை ஒரு தரம் சுத்தி முடிக்கிறதுக்குள்ள தன்னையும் ஒரு தரம் சுத்திக்குது. இந்த ஒரு சுத்துல நான் நாலு சுவரையும் பார்த்துட்டேன். திரும்பாம எப்படிங்க நாலையும் பார்க்கிறது?”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “திரும்பலைன்னா?”

“திரும்பலைன்னா... முதுகு தெரிஞ்சிடும்.”

“நடந்து காட்டுங்க.”

வேலை, வாடகை, தை மாதம் பிறக்கப்போகும் பிள்ளை எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. சோமசேகரன் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தென்னையில் பார்வையை நட்டான். முகத்தைத் திருப்பாமல் நாற்காலியைச் சுற்றிப் பாதி வட்டம் வந்து, ஜன்னலோரம் நின்று கண்ணை மூடினான். அவன் முதுகு முழுவதும் இன்ஸ்பெக்டருக்கு நேரே இருந்தது.

ஓட்டுக் கூரையிலிருந்து மழை சொட்டியது. நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். மூச்சுக்காற்று பிடரியில் பட்டது.

“இதுதான் முதுகா?”

“ஆமாங்க ஐயா.”

“தெளிவா இருக்கு.”

பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது.

கார் போனதும் பெரிய வாத்தியார் தாளை நீட்டினார். ‘பாடம் தெளிவு. உடை ஒழுங்கு. நிரந்தரமாக்கலாம்.’

சோமசேகரன் மூன்று தடவை படித்தான். பிறகு மீரா சாகிப்பை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“பாய், அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியாதா? புள்ளைங்களே பார்த்துட்டுச் சிரிச்சுதுங்களே!”

“அதுங்க உங்க நண்டு நடையைப் பார்த்துச் சிரிச்சுதுங்க.”

“அப்ப ஓட்டை?”

“எந்த ஓட்டை? நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அம்மா சட்டையோட கீழ்மடிப்பைப் பிரிச்சு, அந்தத் துணியையே வச்சுத் தெச்சு முடிச்சிட்டாங்க. ஊசிக்கு நூல் கோத்துக் குடுத்ததே நான்தான் சார்!”

மறுநாளே தாய்வீடான விழிதியூருக்குப் பிரசவத்துக்குப் போன வடிவாம்பாள் உயிரோடு திரும்பி வரவில்லை. அந்தச் சட்டையின் காலர் கிழிந்து, கைகளும் நைந்துவிட்டன. முதுகில் போட்ட தையல் இன்னும் பிரியவில்லை.