கோட்டுப் பைக்கு அளவெடுத்த கேமரா

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. அடுப்படியில் நெத்திலி வறுக்கிறாளே, அவள் காதில் விழுந்தால் என்னை நிறுத்திவிட்டு அவளே சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அவள் சொன்னால் என் மானம் இன்னும் கொஞ்சம் குறையும். மீதி இருக்கிறதே கொஞ்சம்தான்.

என் பெயர் முகம்மது சுல்தான். பெயர்தான் சுல்தான், ஆட்சி ஹபீபா பீவியுடையது. கப்பலேறி வந்த இந்த ஊரில், சூலியா தெருவில் கீழே தையல்கடை, மேலே வீடு. வெட்டுவதும் தைப்பதும் நான். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது அவள். ஒரு நூல் விலகினாலும் மூன்று முழம் தள்ளியிருந்து கண்டுபிடிப்பாள். அப்படிக் கண். அந்தக் கண்ணோடு அப்போதே பதினாலு வருஷம் குடித்தனம் செய்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

இருபத்தேழாம் வருஷம் என்று நினைக்கிறேன். நாகூரிலிருந்து கடிதாசி வந்தது. மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. "நீ கப்பலேறி பதினாலு வருஷமாச்சு மகளே. பார்வை முழுசா அவியறதுக்குள்ள உன் முகத்தைப் படமாவாச்சும் ஒருக்கா பாத்துக்கிறேன்" என்று யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். ஹபீபா அதை மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை முடியவில்லை, மை கரைந்துவிட்டது.

அடுத்த வீட்டு நூர்ஜான் பதினைந்து நாளில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடும்.

"படக்கடைக்குப் போவோம்லா" என்றேன்.

"வேத்து ஆம்பளை முன்னால முகத்தைக் காட்டிக்கிட்டு உக்காரவா? அவன் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருப்பான். நான் மாட்டேன்."

நான் எழுந்து நின்றேன். அளவு நாடாவைத் தோளில் அங்கவஸ்திரம் மாதிரி போட்டுக்கொண்டேன்.

"நீ எவன் முன்னாலயும் உக்கார வேணாம். நானே ஒரு கேமரா வாங்குறேன். நானே எடுக்குறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் உம்மாவுக்காக நான் எழுந்திருக்கவில்லை. என்னிடம் துணி தைக்கிற ராமசாமி, வக்கீல் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடாங் கோத்தா கடற்கரையில் கோட்டின் உள்பையிலிருந்து சின்னதாக ஒரு கேமராவை உருவினார். மொத்தக் கூட்டமும் திரும்பியது. அந்தப் பையைத் தைத்தவன் நான். என்னை ஒருத்தனும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

பீச் தெருவில் ஒரு மருந்துக்கடையில் கேமராவும் விற்றார்கள். அங்கே விற்பனைக்கு நின்றவர் பெஞ்சமின். மாதாகோயிலில் பாடுகிறவர், பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். முதலில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"வீட்டுப் படத்துக்கு இதுதான் பாய் தோது. படம் பெரிசா விழும். தப்பே வராது."

"பைக்குள்ள போகுமா?"

"பைக்குள்ளயா? தோள்ல மாட்டிக்கிற மாதிரி வாரு இருக்கு பாய்."

"தோள்ல மாட்டினா கோட்டு கசங்கும். அடுத்தது."

அடுத்தது துருத்தி மாதிரி மடங்குகிற வகை. "கண்ணாடி உசத்தி. நிழல்லகூட நல்லா எடுக்கும்" என்றார். நான் நாடாவை எடுத்துத் தடிமன் அளந்தேன். ஒன்றே முக்கால் அங்குலம்.

"உள்பையில வெச்சா நெஞ்சு ஒரு பக்கம் வீங்கின மாதிரி இருக்கும். அடுத்தது."

"பாய், வந்ததுலேருந்து கண்ணாடியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

"கண்ணாடி மடங்கி உள்ளதானே கெடக்கு? அதை எவன் பாக்கப் போறான்?"

பெஞ்சமின் சிலுவை போட்டுக்கொண்டு மூன்றாவதை எடுத்தார். நாலே முக்கால் நீளம், இரண்டரை அகலம், ஒரே அங்குலம் தடிமன். கையோடு கொண்டுபோயிருந்த கோட்டைப் போட்டு, உள்ளே வைத்து, பொத்தான் மாட்டி, கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றேன். தையல் தூக்கவில்லை. துணி சுருக்கமில்லாமல் விழுந்தது.

"இதான்."

"இதுல படம் தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு பாய். ஒரு சுருளுக்கு எட்டுப் படம், அவ்வளவுதான்."

"போதும்லா."

புரை விழுந்த கிழவிக்குத் தபால்தலை அளவில் படம். இது எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டு விழுந்த அழகு மட்டும்தான் கண்ணில் நின்றது.

வீட்டுக்கு வந்து ஹபீபாவுக்கு வித்தை காட்டினேன். "பாரு, பின்னால சின்னதாச் சிவப்புக் கண்ணாடி. சுருளைச் சுத்தச் சுத்த இதுல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் வரும்."

"என்னை எப்ப எடுப்பீங்க?"

"கை பழக வேணாமா? வர்ற புதன்கிழமை."

கை பழகினேன். பாடாங் கோத்தாவில் பீரங்கி இரண்டு. படகுத்துறை இரண்டு. காவலுக்கு நின்ற சீக்கியர் கையில் கேமராவைக் கொடுத்து, மரத்தடியில் நான். அவர் நன்றாக எடுத்திருக்கமாட்டார் என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் நான். முடிதிருத்தும் கடைக் கண்ணாடிக்குள் நான். திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தால் ஏழு போய்விட்டது. பரவாயில்லை, ஒன்று இருக்கிறது. ஒரு முகத்துக்கு ஒரு படம் போதாதா?

செவ்வாய்க்கிழமை ராமசாமி எதிரே வந்தார்.

"என்ன பாய், நீங்களும் கேமரா வெச்சிருக்கீங்களாம்? எங்கே, கோட்டு ஒண்ணும் உப்பலையே."

இந்த வார்த்தைக்காகத்தானே நான் பிறந்ததே. உருவினேன். "நில்லுங்க அண்ணே, உங்களை ஒண்ணு எடுக்குறேன்" என்றேன். எடுத்தும் விட்டேன்.

எட்டு.

ஓடினேன் பெஞ்சமினிடம். "சுருள் தீர்ந்துபோச்சு பாய். அடுத்த கப்பல்லதான் வரும்." நூர்ஜானின் கப்பலோ சனிக்கிழமை.

புதன்கிழமை அஸர் தொழுதுவிட்டு மேலே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மொட்டைமாடியில் ஹபீபா கல்யாணச் சேலை கட்டி, காதில் அலுக்கத்து போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நூர்ஜான் மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"நானா, லாத்தா காலையிலேருந்து சோறு திங்கலை. முகம் உப்பிப்போயிடுமாம். சுருக்கா எடுங்க" என்றாள் நூர்ஜான். அண்ணனை நானா என்றும் அக்காவை லாத்தா என்றும்தான் எங்கள் ஆட்கள் கூப்பிடுவார்கள்.

வாயைத் திறந்தேன். "கொஞ்சம் இடது பக்கம் திரும்பு" என்று வந்தது.

காலிக் கேமராவை வைத்துக்கொண்டு க்ளிக் என்றேன். சுற்றினேன். மறுபடி க்ளிக். எட்டுத் தடவை. இமை கொட்டினால் படம் கெட்டுவிடும் என்று அவள் கண்ணைத் திறந்தபடியே வைத்திருந்தாள். கண்ணில் நீர் கட்டியது. துடைக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்க்காதீர்கள், அந்தப் பக்கம் பாருங்கள். அறுபது வயதுக்குமேல் ஆகியும் இந்த இடம் வந்தால் எனக்குத் தலை நிமிராது.

"எட்டும் எடுத்தாச்சா?" என்றாள்.

"எட்டும்."

"இதை யாரு கழுவுவா?"

"கேம்பல் தெருவுல ஒரு சீனத் தவுக்கே படக்கடை வெச்சிருக்கான்."

"அப்ப அவன் என் முகத்தைப் பாப்பான்."

நான் விழித்தேன். அந்நிய ஆண்பிள்ளை பார்க்கக்கூடாது என்று கேமரா வாங்கியவன், கழுவுகிறவனும் ஆண்பிள்ளைதான் என்று யோசிக்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்த நிமிஷத்தில் அதுவே எனக்குத் தப்பிக்கிற வழியாகத் தெரிந்தது.

"பாப்பான்லா. அதனால கழுவவே வேணாம். கடல்ல போட்டுடுறேன்."

"அப்ப உம்மா?"

நான் கேமராவைக் கோட்டுக்குள் திணித்தேன். அவளே சொன்னாள்: "சுருளை என்கிட்ட கொடுங்க. கழுவாம ஊருக்குக் கொடுத்துவிடுறேன். என் தம்பி கழுவிக்குவான்."

வேறு வழி? மேஜை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருந்த ராமசாமிச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். கப்பல் போனது. அதற்குப்பின் நான் தைத்த கால்சட்டைகளில் இரண்டுக்குக் கால் நீளம் வேறு வேறு. கிழவி பார்வை போகிற நேரத்தில் மகள் முகத்தைத் தேடி, ராமசாமியின் மீசையைத் தடவிப் பார்ப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் ஊசி விரலில் ஏறியது.

இரண்டு மாசம் கழித்துக் கடிதாசி வந்தது. ஹபீபா படித்துக் காட்டினாள். "மகளே, படம் கைக்கு வந்துச்சு. உள்ளங்கை அகலத்துக்கு உன் முகம். வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். என் உம்மா முகம் உனக்கு வந்திருக்கு. எனக்கு இது போதும்."

"எந்தப் படம்?" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து ஒரு உறையை என் முன் போட்டாள். உள்ளே எட்டுப் படம். பீரங்கி. படகுத்துறை. நான். நான். நான்.

"எட்டாவதுல நான் இருக்கணும்" என்றாள். "ராமசாமி அண்ணன் இருக்காரு."

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க என்னை எடுக்கையிலயே. ஒவ்வொரு தரம் சுத்தும்போதும் அதோட பின்பக்கம் என் பக்கம் திரும்பிச்சே, அந்தச் சிவப்புக் கண்ணாடியில நம்பரே வரலை. மறுநாளே நானும் நூர்ஜானும் கேம்பல் தெருவுக்குப் போனோம். பொம்பளைங்களை அந்தத் தவுக்கே எடுக்குறதில்ல, அவன் பொண்டாட்டிதான் எடுக்குறா. அவளேதான் கழுவுறா. என்னை எடுத்ததும், இந்தச் சுருளைக் கழுவினதும் அவதான். பதினாலு வருஷம் இந்தத் தெருவுல கடை வெச்சிருக்கீங்க, இது தெரியலை."

"என்னை மன்னிச்சிரு ஹபீபா" என்றேன்.

அவள் படங்களை அடுக்கி உறைக்குள் போட்டாள். பிறகு, "போகட்டும். உம்மா மாப்பிள்ளை முகத்தையும் கேக்குது. கோட்டைப் போட்டுக்கிட்டு மாடிக்கு வாங்க. நானே எடுக்குறேன். அந்தச் சீனப் பொம்பளை எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கா" என்றாள்.

மன்னித்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. முகம் மழித்து, அத்தர் தடவி, சோங்கோக் தொப்பி வைத்து, உச்சி வெயிலில் நின்றேன். இமை கொட்டவில்லை. கண்ணில் நீர் கட்டியது, துடைக்கவில்லை. அவள் நிதானமாக எட்டுத் தடவை எடுத்தாள்.

"எப்பக் கழுவக் கொடுக்கலாம்?" என்றேன்.

ஹபீபா கேமராவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, என் மூக்குக்கு நேரே பிடித்து, உள்ளே காலியாக இருந்ததைக் காட்டினாள்.